சுருக்கிய காட்சியும் வெட்டும் மேசையும்

வீட்டில் நடந்த ஒரு விசேஷத்தைக் காமிராவிலோ கைத்தொலைபேசியிலோ பதிவு செய்து, அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் தங்கு தடையின்றி ஓடுகிறது. ஆனால் அதே பதிவை வீட்டு உபயோகத்துக்கென்று அமைந்த எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவந்து, வேண்டாத பகுதிகளை வெட்டி, வேண்டியவற்றை இணைத்து, பின்னணியில் சிறிது சங்கீதமும் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தால், படம் திக்கித் திக்கி நகர்கிறது, அல்லது ஒலி மட்டும் வந்து படம் கறுத்துவிடுகிறது, அல்லது இந்தக் கோப்பைத் திறக்க இயலாது என்ற ஒரு வரியோடு காரியம் நின்றுபோகிறது. பார்ப்பதற்கு இணங்கிய பதிவு வெட்டுவதற்கு ஏன் இணங்கவில்லை? பெரும்பாலோர் இதை மென்பொருளின் குறை என்றோ, தங்கள் யந்திரம் பழசாகிவிட்டது என்றோ நிச்சயித்துக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கும் யோசனையில் இறங்குகிறார்கள். அந்த நிச்சயத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்றாலும், விஷயத்தின் வேர் அங்கே இல்லை. நம் கையிலுள்ள வீடியோக் கோப்பு, பார்ப்பவனுடைய சுபாவம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி, ஒரே திசையில், ஒரே வேகத்தில் அவன் பார்த்துக்கொண்டு போவான் என்பதே அந்த ஆதாரம். வெட்டி இணைப்பவனோ அப்படிப் பார்ப்பதே இல்லை. ஏறக்குறைய எல்லா இடையூறுகளும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து கிளைக்கின்றன.

சுருக்கம் என்பது எவ்வளவு அவசியமானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். இன்று சாதாரணமாகிவிட்ட உயர்தெளிவுப் படத்தில் கிடையாக 1,920 புள்ளிகளும் செங்குத்தாக 1,080 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கினால் ஒரு பிரேமுக்கு 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வர்ணங்களின் அளவையும் ஒவ்வொரு பைட்டில் எழுதினால், ஒரே ஒரு பிரேம் 62 லட்சம் பைட்டைத் தாண்டுகிறது. விநாடிக்கு 30 பிரேம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரப் பதிவு சுமார் 672 ஜிகாபைட் இடத்தை விழுங்கும். 2006-ஆம் ஆண்டில் சோனி, பானசோனிக் என்ற இரு கம்பெனிகளும் சேர்ந்து வகுத்த ஏ.வி.சி.எச்.டி. என்னும் வீட்டுக் காமிரா முறையில், அதன் முதல் விதிகளின்படி, மிக உயர்ந்த தரத்தில் எடுத்தாலும் விநாடிக்கு 24 மெகாபிட்டுக்கு மேல் போகாது. அதாவது, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 11 ஜிகாபைட். அறுபது பங்கில் ஐம்பத்தொன்பது பங்கைக் கழித்துவிட்டு, மிஞ்சிய ஒரு பங்கைக் கொண்டு கண் திருப்தியடையும்படியான காட்சியை நமக்குத் தருகிற இந்த வித்தை, நம் காலத்துக் கணித சாஸ்திரத்தின் பெரிய சாதனைகளுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன். அதை அறியாமல் அதன் விளைவுகளோடு மட்டும் மல்லாடுவது வீண் சிரமம்.

இந்தச் சிக்கனம் மூன்று வழிகளில் கிட்டுகிறது. மனிதனுடைய கண், ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணருமே தவிர, வர்ண வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணர்வதில்லை. ஆகவே ஒளியின் அளவைப் புள்ளிக்குப் புள்ளி எழுதிவிட்டு, வர்ணத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒரு முறை மட்டும் குறித்துவைத்தால் போதும். இதனாலேயே கோப்பு பாதியாகிறது. யாரும் கவனிப்பதும் இல்லை.

இரண்டாவது வழி ஒரு சரித்திரம் உடையது. பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த நஸீர் அஹமது என்ற பொறியியல் அறிஞர், கோஸைன் அலைகளைக் கொண்டு பிம்பங்களைச் சுருக்கமாக எழுதலாமா என்று ஆராயப் பொருளுதவி கோரி, 1972-இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். உதவி கிடைக்கவில்லை; யோசனை மிகவும் எளிதாகத் தோன்றுகிறது என்று பரிசீலித்தவர்களில் ஒருவர் கருத்துரைத்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் சோர்ந்துவிடவில்லை. தம் மாணாக்கர் டி. நடராஜனையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று டெக்ஸாஸில் ஆசிரியராயிருந்த நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயராலும் வெளிவந்த கட்டுரை, அதற்குப் பின் வந்த நிழற்படச் சுருக்கத்துக்கும் வீடியோச் சுருக்கத்துக்கும் அஸ்திவாரமாயிற்று. எளிமையே குறையாகப் பேசப்பட்ட ஒரு கருத்து, இன்று உலகத்தின் ஒவ்வொரு தொலைபேசியிலும் விநாடிதோறும் பிரயோகமாகிக்கொண்டிருப்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

அந்தக் கருத்து இதுதான். படத்தை எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 64 ஒளியளவுகளை வேறு 64 எண்களாக மாற்றுகிறோம். அவற்றுள் முதல் எண் அந்தச் சதுரத்தின் சராசரி ஒளியைச் சொல்லும். மற்றவை, ஒளி எவ்வளவு மெதுவாக அல்லது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்லும். சுவரோ, வானமோ, கன்னமோ எதுவாயினும், இயற்கையான காட்சியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், சில எண்களே பெரியவையாக இருக்கும். ஏனையவை பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். அந்தச் சிறு எண்களைப் பூஜ்யமாகவே ஆக்கிவிட்டு, பெரியவற்றையும் தோராயமாக எழுதினால், கண் ஏமாறும், கோப்பு சுருங்கும். இவ்வாறு தோராயமாக்கும் படியில்தான் காட்சியின் ஒரு பகுதி திரும்பிவராதபடி போகிறது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

மூன்றாவது வழியே நம் விஷயத்தின் மர்மஸ்தானம். ஒரு விநாடியில் முப்பது பிரேம்கள் இருந்தால், அடுத்தடுத்த இரண்டு பிரேம்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மிகச் சொற்பம். பின்னாலுள்ள சுவர் அப்படியே இருக்கிறது, பேசுகிறவருடைய உதடு மட்டும் அசைந்திருக்கிறது. ஆகையால் எல்லாப் பிரேம்களையும் முழுமையாக எழுதாமல், ஒன்றை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தவற்றுக்கு மாற்றத்தை மட்டும் குறித்தால் போதும் அல்லவா? ஆண்டுத் தொடக்கத்தில் கையிருப்பை ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு அன்றாட வரவையும் செலவையும் மட்டும் பதிந்துகொண்டு போகும் கணக்குப் புத்தகம் போன்றது இது. புத்தகம் மெலிந்திருக்கும், வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறவனுக்கு எந்த நாளிலும் இருப்பு மனத்திலேயே இருக்கும், ஆனால் திடீரென்று ஒரு தேதியைச் சொல்லி, அன்று மாலை இருப்பு என்ன என்று கேட்டால், தொடக்கத்திலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தாலன்றி விடை கிடையாது.

வீடியோச் சுருக்கிகள் இதற்கும் ஒரு படி மேலே போகின்றன. படத்தைப் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வகுத்து, இந்தக் கட்டத்திலுள்ள பிம்பம் முந்திய பிரேமில் எங்கே இருந்தது என்று தேடி, இத்தனை புள்ளி வலப்புறமாகவும் இத்தனை புள்ளி மேலாகவும் நகர்ந்திருக்கிறது என்று எழுதிவிட்டு, மிஞ்சிய சிறு வேற்றுமையை மட்டும் கோஸைன் முறையில் குறிக்கின்றன. அதோடும் நிற்கவில்லை. சில பிரேம்கள், தங்களுக்கு முன்னால் வரும் பிரேமையும் பின்னால் வரப்போகும் பிரேமையும் ஒருசேர ஆதாரமாகக் கொண்டு எழுதப்படுகின்றன. எனவே தன்னந்தனியாக நிற்கும் தனிப் பிரேம், முந்தியதைச் சார்ந்திருக்கும் சார்புப் பிரேம், இருபுறமும் சார்ந்திருக்கும் பிரேம் என்று மூவகை உண்டாகின்றன. இருபுறச் சார்புப் பிரேமை வரைவதற்கு அதன் பிந்திய ஆதாரமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியிருப்பதால், கோப்புக்குள் பிரேம்கள் காட்டப்படும் வரிசையில் எழுதப்படுவதே இல்லை. அவிழ்க்கும் வரிசை ஒன்று, காட்டும் வரிசை வேறொன்று. ஒரு தனிப் பிரேமிலிருந்து அடுத்த தனிப் பிரேம் வரையுள்ள கூட்டத்தைக் குழு என்று இங்கே அழைத்துக்கொள்வோம்.

1988-இல் கூடத் தொடங்கிய எம்பெக் என்ற சர்வதேச நிபுணர் குழுவினர் இந்த உபாயங்களை ஒழுங்குபடுத்தி விதிகளாக வகுத்தபோது, அவர்கள் மனத்தில் இருந்தது குறுந்தட்டும் ஒளிபரப்பும்; ஓரிடத்தில் ஒரு முறை சிரமப்பட்டுச் சுருக்கி, லட்சக்கணக்கான இடங்களில் எளிதாக விரித்துப் பார்க்கும் ஏற்பாடு. அந்த நோக்கத்துக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. வீட்டுக் காமிராவே அந்தச் சுருக்கியைத் தன் வயிற்றில் சுமக்கும் காலம் வந்தபோதுதான் சங்கடம் தொடங்கியது.

வீட்டு எடிட்டிங்கின் இளமைக் காலம் இந்தச் சங்கடத்தை அறியாது. 1995-இல் வந்த டி.வி. என்னும் எண்ணியல் நாடா முறையில் ஒவ்வொரு பிரேமும் தனிப் பிரேம். விநாடிக்கு 25 மெகாபிட் படத்துக்கே போகும். ஒலியும் சேர்ந்து ஒரு மணி நேர நாடா ஏறத்தாழ 13 ஜிகாபைட். 1999-இல் ஆப்பிளின் ஐமூவியும், 2000-இல் மைக்ரோஸாஃப்டின் மூவி மேக்கரும் வெளிவந்து, எடிட்டிங் என்ற கலை ஸ்டூடியோவை விட்டு வீட்டுக்கூடத்துக்கு வந்தது; இன்றைய தொலைபேசியின் சக்தியில் ஒரு சிறு பங்கே கொண்டிருந்த அந்நாளைய யந்திரங்கள் அந்தக் காரியத்தைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், எந்தப் பிரேமைக் கேட்டாலும் அந்த ஒன்றை மட்டும் அவிழ்த்தால் போதும் என்ற சௌகரியமே. பிறகு 2003-இல் எச்.டி.வி. முறை வந்தது. அதே சிறிய நாடா. அதே 25 மெகாபிட் வேகம். ஆனால் பிரேமுக்கு 720-க்கு 576 என்ற பழைய அளவுக்குப் பதிலாக 1,440-க்கு 1,080, அதாவது மூன்றே முக்கால் மடங்கு புள்ளிகள். அந்த அதிகப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? எம்பெக்-2 முறைப்படி பிரேம்களைப் பன்னிரண்டோ பதினைந்தோ கொண்ட குழுக்களாகக் கட்டியதிலிருந்து வந்தன. மூன்றாண்டு கழித்து வந்த ஏ.வி.சி.எச்.டி., 2003-இல் நிறைவேறிய எச்.264 என்ற இன்னும் நுட்பமான முறையைக் கைக்கொண்டது. அதில் ஒரு பிரேம் தனக்கு முந்திய ஒன்றை மட்டுமல்லாமல் பலவற்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. படம் தெளிந்தது, நாடா ஒழிந்து அட்டை வந்தது, எடிட்டிங் மேசை தள்ளாடத் தொடங்கியது. காமிரா வாங்கியவர்களிடம் இதை ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிற விஷயம்.

எடிட்டிங் செய்கிறவன் உண்மையில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஒரு சிரிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, முன்னே போகிறான். கடந்துவிட்டது என்று பின்னே வருகிறான். ஒரு பிரேம் முன், ஒரு பிரேம் பின் என்று தயங்கி, அங்கே வெட்டுகிறான். பதினைந்து பிரேம் கொண்ட குழுவின் கடைசிப் பிரேமில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்தால், யந்திரம் ஒவ்வொரு முறையும் குழுவின் தொடக்கத்துக்குப் போய் அவிழ்த்துக்கொண்டு வர நேர்ந்தால், 15, 14, 13 என்று கூட்டி மொத்தம் 120 பிரேம்களை அவிழ்த்தாக வேண்டும்; காட்டுவது பதினைந்தே. வலைவழி வரும் கோப்புகளில் குழு இன்னும் நீளம். எக்ஸ்264 என்ற பிரசித்தமான சுருக்கி, வேறு கட்டளை இல்லாவிட்டால், 250 பிரேம் வரை ஒரு குழுவை நீட்டும். அதில் அதே முறையில் பின்னோக்கி வந்தால் 31,375 முறை அவிழ்க்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்கக் கெட்டிக்கார மென்பொருள் குழு முழுவதையும் ஒரு தடவை அவிழ்த்து ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது. ஆனால் வர்ணத்தைக் குறைத்து எழுதிய நிலையிலும் உயர்தெளிவுப் பிரேம் ஒன்று 31 லட்சம் பைட் என்பதால், 250 பிரேம் ஞாபகத்தில் ஏறக்குறைய 780 மெகாபைட்டை அடைத்துக்கொள்ளும். ஒரு காட்சி மங்கி மறு காட்சி எழும் இடத்தில் இரண்டு கோப்புகளை ஒரே சமயத்தில் அவிழ்க்க வேண்டும். டைம்லைனில் படம் திக்குவதன் ரகசியம் இதுவே.

வெட்டுவது அதைவிடப் பெரிய சங்கதி. குழுவின் நடுவே, உதாரணமாக ஏழாவது பிரேமில், கத்தரி வைத்தால், எட்டாவது முதலாக உள்ள பிரேம்கள் தங்கள் ஆதாரத்தை இழந்துவிடுகின்றன. அவை வெறும் மாற்றக் குறிப்புகள், எதிலிருந்து மாற்றம் என்பது போய்விட்டது. ஆகையால் வெட்டிய பகுதியை மறுபடி சுருக்கித்தான் எழுத முடியும். சில மென்பொருள்கள், வெட்டு விழுந்த குழுவை மாத்திரம் மறுபடி சுருக்கி, மற்றக் குழுக்களைத் தொடாமல் அப்படியே நகல் எடுக்கின்றன. ஒரு நீண்ட பதிவின் தலையையும் வாலையும் நறுக்குவதோடு வேலை முடியுமானால், இது மிக உத்தமமான வழி. ஒளியைத் திருத்துவது, எழுத்துப் பொறிப்பது என்று கை வைத்த மாத்திரத்தில், தொட்ட பிரேம்கள் அனைத்தும் புதிதாகச் சுருக்கப்படுகின்றன.

இவை யாவும் கோப்பு திறந்த பிறகு எழும் பிரச்னைகள். திறக்கவே மறுப்பதற்குக் காரணம் வேறு. வீடியோக் கோப்பு என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. வெளியே கொள்கலம், உள்ளே கோடெக் என்று தொழிலில் வழங்கும் சுருக்க முறை. ஏ.வி.ஐ., எம்.ஓ.வி., எம்.பி.4, எம்.டி.எஸ். என்று பெயரின் வாலில் நாம் காண்பவை கொள்கலத்தின் பெயர்களே. படமும் ஒலியும் எந்தெந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, எந்தப் பிரேம் எந்தக் கணத்துக்கு உரியது என்ற விவரங்களை மட்டும் கொள்கலம் சொல்லும்; அந்தப் படம் எந்தக் கணிதத்தால் சுருக்கப்பட்டது என்பது உள்ளேயிருக்கும் தனி விஷயம். ஒரே ஏ.வி.ஐ. என்ற பெயருக்குள் டி.வி. நாடாவின் படமும் இருக்கலாம், எக்ஸ்விட் முறையில் இறுகச் சுருக்கிய திரைப்படமும் இருக்கலாம். முன்னது எந்த மேசையிலும் வழுக்கிக்கொண்டு ஓடும், பின்னது அதற்குரிய கோடெக் யந்திரத்தில் நிறுவப்பட்டிராவிட்டால் கறுப்புத் திரையாக நிற்கும். ஏ.வி.ஐ. கொள்கலம் 1992-இல் மைக்ரோஸாஃப்ட் வகுத்தது. அவிழ்க்கும் வரிசையும் காட்டும் வரிசையும் வேறாகும் இருபுறச் சார்புப் பிரேம்களுக்கு அதில் முறையான ஏற்பாடே கிடையாது. பின்னாளில் அவற்றை அதற்குள் திணித்தவர்கள் இரண்டு பிரேம்களை ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பினார்கள். பார்க்கும் கருவிகள் அதைச் சகித்துக்கொண்டன. எடிட்டிங் மென்பொருள்கள் பல தடுமாறின. கோப்பின் வாலை எம்.டி.எஸ். என்பதிலிருந்து எம்.பி.4 என்று கையால் மாற்றி எழுதிப் பார்க்கிற வழக்கம் பலருக்கு உண்டு. அதனால் உள்ளே ஒன்றும் மாறுவதில்லை.

உரிமைப் பணமும் ஒரு காரணம். இந்தச் சுருக்க முறைகளில் பல காப்புரிமைகளுக்கு உட்பட்டவை. விண்டோஸ் எக்ஸ்பி, டி.வி.டி. தட்டிலுள்ள எம்பெக்-2 படத்தை அவிழ்க்கும் கருவியைத் தன்னோடு கொண்டு வரவில்லை; அதைத் தனியே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. 2017 முதல் ஐபோன் பதிவுகள் எச்.265 என்ற புதிய முறையில் வரத் தொடங்கியபோது, விண்டோஸ் 10 வைத்திருந்தவர்களில் பலர் அதற்கான சேர்க்கையைச் சிறு தொகை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. படம் வந்து ஒலி வராமற் போவதும் இந்த வகையே, ஏ.வி.சி.எச்.டி.யின் ஒலி பெரும்பாலும் டால்பி முறையில் இருப்பதால், அதை அறியாத மென்பொருள் ஊமைப் படத்தைக் காட்டும். நம் ஊர்களில் கல்யாண வீடியோக்களைச் சுமந்திருக்கும் வி.சி.டி. தட்டுகளைத் திறந்தால் உள்ளே டி.ஏ.டி. என்ற வாலுள்ள கோப்பு இருக்கும். எடிட்டிங் மென்பொருளுக்கு அது புரியாத வஸ்து. அதற்குள் இருப்பதோ 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட சாதாரண எம்பெக்-1 படம்தான்; மேலுறையை நீக்கும் கருவி ஒன்றில் போட்டெடுத்தால் மறுசுருக்கம் இல்லாமலே உயிர் பெற்றுவிடும்.

தொலைபேசிப் பதிவுகளில் இன்னொரு சூக்ஷ்மம் உண்டு. காமிராக்கள் விநாடிக்கு இத்தனை பிரேம் என்ற நியமத்தை வழுவாமல் காக்கும். தொலைபேசிகள் அப்படிக் காப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் சற்று அதிக நேரம் ஒளியை வாங்கிக்கொண்டு, பிரேம்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். எந்தப் பிரேம் எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கொள்கலத்தில் குறித்துவைக்கும். பார்க்கும் கருவி அந்தக் குறிப்பைப் பின்பற்றுவதால் உதடும் சொல்லும் ஒத்துப்போகின்றன. பல எடிட்டிங் மென்பொருள்களோ, விநாடிக்கு 30 என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டு பிரேம்களை அடுக்கிவிடுகின்றன. பத்து நிமிஷப் பதிவில் சராசரி 29.8 பிரேம் என்றால், மொத்தம் 17,880 பிரேம். அவற்றை 30 வீதம் ஓட்டினால் 596 விநாடியில் படம் தீர்ந்துவிடும். ஒலியோ 600 விநாடியும் ஒலிக்கும். தொடக்கத்தில் யாதொரு குறையும் தெரியாது, முடிவில் நான்கு விநாடி பிசகு. கச்சேரியைப் பதிவு செய்தவர்கள், மிருதங்கத்தின் மேல் கை விழுந்து வெகு நேரம் கழித்து நாதம் எழுவதைக் கண்டு, ஒலிவாங்கியில் கோளாறு என்று எண்ணுவது இதனால்தான்.

இனிப் பரிகாரம். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மீடியாஇன்ஃபோ போன்ற இலவசக் கருவிகள், கொள்கலம், கோடெக், பிரேம் வேகம், அது நிலையானதா மாறுவதா, ஒலியின் முறை ஆகியவற்றை ஒரே பார்வையில் காட்டிவிடும். நோயை அறியாமல் கன்வெர்ட் செய்யும் மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிப் பரீட்சை செய்வது, ஒவ்வொரு முறையும் காட்சியைத் தேய்ப்பதில்தான் முடியும். கோடெக் தெரிந்ததாகவும் கொள்கலம் மட்டும் அந்நியமாகவும் இருந்தால், பிரேம்களைத் தொடாமல் கொள்கலத்தை மட்டும் மாற்றலாம். 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிபுணர் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருள் இதைச் சில விநாடிகளில் முடித்துத் தரும்; படத்தின் தரம் அணுவளவும் குறையாது. இந்த அருமையான கருவி பெட்டிகளும் பொத்தான்களும் இல்லாமல் கட்டளை வரிகளால் இயங்குவதால், வீட்டு உபயோகத்தார் பலர் அதை நெருங்க அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை, தேவைப்படும் கட்டளை ஒரே வரிதான்.

கோடெக்கே பாரமாக இருந்தால், இடைநிலை வடிவத்துக்கு மாற்றுவதே நெடுநாள் அனுபவம் கண்ட வழி. ஒவ்வொரு பிரேமையும் தனிப் பிரேமாக, தாராளமான இடம் கொடுத்து எழுதும் முறைகள் இவை: 2004-இல் அவிட் கம்பெனி வெளியிட்ட டி.என்.எக்ஸ்.எச்.டி., 2007-இல் ஆப்பிள் வெளியிட்ட புரோரெஸ், மற்றும் சினிஃபார்ம். அதே 2007-இல் வந்த ஐமூவி, ஏ.வி.சி.எச்.டி. பதிவை உள்வாங்கும்போதே இத்தகைய ஒரு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டது. உபயோகிப்பவருக்கு அது தெரிந்ததெல்லாம் காத்திருக்கும் நேரமாகவே. உயர்தெளிவுப் படத்துக்குச் சாதாரண புரோரெஸ் 422 விநாடிக்கு 147 மெகாபிட் கேட்கும். ஒரு மணிக்கு 66 ஜிகாபைட். பதினொரு ஜிகாபைட் கோப்பு அறுபத்தாறாகப் பெருகுவதைக் கண்டு, தரமும் ஆறு மடங்கு உயர்ந்திருக்கும் என்று மகிழ வேண்டாம். காமிரா தோராயமாக்கிய கணத்தில் போனது போனதுதான். இந்த இடச் செலவுக்கு நாம் பெறுவது, எந்தப் பிரேமுக்கும் நேரே குதிக்கும் சுதந்திரமும், மறுபடி சுருக்குவதால் நேரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நின்றுவிடும் என்ற உறுதியும். மாறும் பிரேம் வேகத்தை நிலையான வேகமாக்கவும் இந்தச் சந்தர்ப்பமே தக்கது. மாற்றும் கருவியில் நிலையான வேகம் என்ற விதியைத் தேர்ந்துகொண்டால், மென்பொருள் காலக்குறிப்பைப் படித்து, வேண்டிய இடத்தில் ஒரு பிரேமை இரட்டித்து, ஒலியோடு இசைத்து எழுதிவிடும்.

அவ்வளவு இடமில்லாதவர்களுக்கு புராக்ஸி என்ற வழி இருக்கிறது. மூலப் பதிவின் சிறிய, இலேசான பிரதி ஒன்றைச் செய்து, அதன்மீது எல்லா வெட்டுகளையும் நடத்திவிட்டு, கடைசி ரெண்டர் செய்யும்போது மட்டும் மென்பொருள் மூலத்தைத் தேடிப்போய் அதே வெட்டுகளை அதன்மேல் செய்கிறது. சாதாரண வீட்டு யந்திரங்களுக்கு இதையே நான் முதலில் சிபாரிசு செய்வேன். மாலை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும் வேலை இலேசாகிறது. கனமான அவிழ்ப்பு இராத்திரியில் ஒரே தடவை, ஒரே திசையில் நடந்து முடிகிறது.

புதிய யந்திரம் வாங்கினால் இவையெல்லாம் தீராதா என்று கேட்கலாம். சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பிராசஸர்கள் பலவற்றில் எச்.264-ஐ அவிழ்ப்பதற்கென்றே தனிச் சுற்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் 2011-இல் இதை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரவலாகக் கொண்டுவந்தது. இதனால் சுமை பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தச் சுற்று சில ரகங்களையே அறியும். புதிய காமிராக்கள், வர்ணத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒரு முறை என்பதற்குப் பதிலாக இரண்டு புள்ளிகளுக்கு ஒரு முறை குறித்து, எட்டு பிட்டுக்குப் பதில் பத்து பிட்டில் எச்.265 முறையில் எழுதத் தொடங்கியதும், அந்த ரகத்தை அறியாத சுற்றுகள் ஒதுங்கிக்கொள்ள, பொதுப் பிராசஸரே முழுச் சுமையையும் தாங்க நேர்ந்தது; விலையுயர்ந்த யந்திரங்களிலும் படம் பழையபடி திக்கியது. ஆகவே யந்திரம் வாங்குமுன், தன் காமிரா எழுதும் ரகம் எது, அந்தச் சுற்று அந்த ரகத்தை அறியுமா என்று விசாரிப்பது அவசியம்.

வேலை முடிந்த பிறகு எதை வைத்துக்கொள்வது என்பதில் பலர் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். பெரிய கோப்பு உயர்ந்தது என்று எண்ணி இடைநிலைப் பிரதியைக் காத்துவைத்து, காமிராவிலிருந்து வந்த சிறிய மூலத்தை அழித்துவிடுகிறார்கள். காக்க வேண்டியது மூலமே. தேதி, நேரம் முதலிய குறிப்புகளோடு காமிரா கண்ட அத்தனையும் அதில்தான் இருக்கிறது. ஏ.வி.சி.எச்.டி. அட்டையாக இருந்தால், எம்.டி.எஸ். கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், அட்டையிலுள்ள அடைவுகள் முழுவதையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். நீண்ட பதிவை அட்டை பல கோப்புகளாகத் துண்டித்துவைத்திருக்கும்போது, அவற்றைப் பிசிறில்லாமல் இணைக்கும் குறிப்புகள் அந்த அடைவுகளில்தான் இருக்கின்றன. அதனோடு, வெட்டுகளைக் குறித்துவைத்திருக்கும் எடிட்டிங் திட்டக் கோப்பையும், முடிந்த படத்தின் ஒரு நல்ல பிரதியையும் இரண்டு தனித்தனி வட்டுகளில் பத்திரப்படுத்திவிட்டால், இடைநிலைப் பிரதிகளையும் புராக்ஸிகளையும் தயங்காமல் நீக்கிவிடலாம். என்றைக்குத் தேவைப்பட்டாலும் மூலத்திலிருந்து அவற்றை மறுபடி உண்டாக்கிக்கொள்ள முடியும்.